ஜி.எஸ்.டி. ரோடு: ஊருக்குப் போகாமல் ஒரு பயணம்

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாருக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டை, அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகிற கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டைத் தெரியும். தெரியும் என்றால், முன்னால் நிற்கும் ஆம்னி பஸ்ஸின் பின்பக்கம் தெரியும். கண்டக்டரிடம் கேட்டால் வரும் "இன்னும் வண்டலூரே தாண்டல சார்" என்ற பதில் தெரியும். அவ்வளவுதான். கத்திப்பாராவிலிருந்து செங்கல்பட்டு வரை நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; தெற்கே ஊர் உள்ள நாங்கள் எல்லாரும் அதைப் பாதித் தூக்கத்தில்தான் கடந்திருக்கிறோம்.

இந்தத் தடவை லீவு கிடைத்ததும் ஊருக்குப் போகவில்லை. இந்த ரோட்டையே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். கூட அக்கா மகன், இன்ஜினியரிங் படிக்கிறான். நடக்க முடிகிற இடத்தில் நடை, மற்ற இடத்தில் பஸ், இரண்டும் சரிப்படாவிட்டால் மின்சார ரயில். ரயில் பாதை கடைசிவரை ரோட்டை ஒட்டியே வருவதால் வீடு திரும்புவதில் சிக்கல் இல்லை. அன்றன்றைக்குப் பார்த்ததை அன்று ராத்திரியே எழுதிப் போடுகிறேன்.

வியாழன்: கத்திப்பாரா, பரங்கிமலை

அண்ணா சாலை எங்கே முடிகிறது, ஜி.எஸ்.டி. ரோடு எங்கே தொடங்குகிறது என்று கத்திப்பாராவில் நின்று யாரும் காட்டிவிட முடியாது. 2008-ல் மேம்பாலம் திறந்தபிறகு நிற்பதற்கே இடமில்லை. அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி ரோடு, ஜி.எஸ்.டி. நான்கும் இங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுற்றுகின்றன. பாலத்துக்கடியில் இருந்த இடத்தை 2021-ல் ஒழுங்குபண்ணிக் கடைகளும் உட்கார இடமும் வைத்திருக்கிறார்கள். காலை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகளும் மெட்ரோவுக்கு வருகிறவர்களும்தான். நன்றாகவே இருக்கிறது; பாலத்துக்கடியில் இப்படி ஓர் இடம் நம் ஊரில் அபூர்வம்.

அங்கிருந்து பரங்கிமலை நடக்கிற தூரம். ரோடு இங்கே வந்ததற்குக் காரணமே இந்த மலை. கோட்டையிலிருந்து மலைக்குப் போன பாதைதான் மவுண்ட் ரோடு. நடுவில் அடையாறு குறுக்கிட்டது. சைதாப்பேட்டையில் அதற்குப் பாலம் கட்டியவர் அரசாங்கத்தார் இல்லை, கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வியாபாரி. 1726-ல் சொந்தப் பணத்தில் பாலம், அப்புறம் மலைமேல் ஏறப் படிக்கட்டு. பாலத்தை இடித்து வேறு கட்டிவிட்டார்கள். படிக்கட்டு இருக்கிறது. ஏறினோம். மலை முந்நூறு அடி உயரம்தான், ஆனாலும் பாதியில் மருமகன் உட்கார்ந்துவிட்டான்.

மேலே போர்த்துகீசியர் கட்டிய மாதா கோயில். உள்ளே, பழைய பாரசீக மொழியான பகலவியில் எழுத்துப் பொறித்த கற்சிலுவை. 1547-ல் கோயில் வேலைக்குத் தோண்டியபோது கிடைத்தது. வெளியே ஒரு மார்பளவுச் சிலை, வில்லியம் லாம்டனுடையது. அநேகமாக எல்லாரும் அதைத் தாண்டி விமானம் இறங்குவதைப் படம் எடுக்கப் போய்விடுகிறார்கள். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி லாம்டன் இந்த மலையடிவாரத்தில் சங்கிலியை நீட்டி அளக்கத் தொடங்கினார். தெற்கே ஏழரை மைல், கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர், நேர்கோடாக. அந்த ஒரு கோட்டை ஆதாரமாக வைத்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்துகொண்டே போனார்கள். அரை நூற்றாண்டு கழித்து எவரெஸ்ட்டின் உயரத்தைக் கணக்கிட்டுச் சொன்னதும் அந்த அளவையின் தொடர்ச்சிதான்.

"அப்ப எவரெஸ்ட்டோட ஒரு முனை இங்க இருக்குன்னு சொல்லலாமா மாமா?"

"சொல்லிக்கோ. கீழ இறங்கினதும் சொல்லு, இப்ப மூச்சு வாங்கு."

இறங்கினால் ராணுவம். 1759 பிப்ரவரியில், சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுப் படையோடு இந்த மலையடியில் பெரிய சண்டை நடந்தது. ஆங்கிலேயர் பக்கம் நின்று சண்டை போட்டவர்களில் யூசுப் கானும் ஒருவர், பின்னால் அதே ஆங்கிலேயர்கள் மதுரையில் தூக்கில் போட்ட மருதநாயகம். 1774-ல் பரங்கிமலை, பல்லாவரம் கண்டோன்மென்ட் வந்தது. இன்றைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் இந்தப் பகுதி மட்டும் மரம் அடர்ந்து, விளம்பரப் பலகை இல்லாமல், சுவர் வெள்ளையடித்து இருப்பதற்கு அதுதான் காரணம். சீனப் போருக்குப் பிறகு 1963-ல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி இப்போது அகாடமி. 1992 முதல் பெண்களுக்கும் இங்கே பயிற்சி. வாசலில் நின்று படம் எடுக்கப் போன மருமகனைக் காவலர் கையசைத்தே நகர்த்திவிட்டார்.

வெள்ளி: மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம்

வெள்ளிக்கிழமையைப் பல்லாவரத்துக்கு ஒதுக்கியது தெரிந்தேதான். சந்தை இருக்கிறதே.

முதலில் விமான நிலையம். இந்த இடத்தில் ரோட்டின் நிலைமையைக் கவனிக்க வேண்டும். மேற்கே ஓடுபாதை, கிழக்கே ரயில் பாதை, அதை அடுத்து மலை, தலைக்குமேல் மெட்ரோ. அகலப்படுத்த ஒரு பக்கமும் வழியில்லை. 2016 செப்டம்பரில் விமான நிலையம் வரை மெட்ரோ வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கிலோமீட்டர் நீட்டுவதைப் பற்றிப் பேசிப்பேசியே வருஷங்கள் ஓடிவிட்டன. விமான நிலையத்தில் கண்ணாடி உடைந்து விழுவதை ஒரு காலத்தில் பத்திரிகைகள் இத்தனையாவது தடவை என்று எண்ணிக்கை போட்டு எழுதும். புது முனையம் 2023-ல் திறந்தபிறகு அந்தச் செய்தி கண்ணில் படுவதில்லை.

திரிசூலம் ரயில் நிலையத்தின் சப்வேயில் புகுந்து அந்தப் பக்கம் போனால் ஊரே வேறு. நாலு பக்கமும் மலை, நடுவில் சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில். பக்கத்திலேயே கல்குவாரிப் பள்ளங்கள், அடியில் பச்சைத் தண்ணீர். சென்னையின் பாதி வீட்டு அஸ்திவாரத்துக்கு ஜல்லி இந்தப் பக்கத்து மலைகளிலிருந்துதான் போயிருக்கும் என்று கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னார். பாதி என்பது அவர் கணக்கு. மலையின் மிச்சத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

இந்தக் கல்லுக்கு ஒரு கதை உண்டு. கொல்கத்தாவுக்கு அஸ்திவாரம் போட்டவர் என்று சொல்லப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறை அந்த ஊரில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன்மேல் மூடியிருப்பது சென்னைப் பக்கத்துக் கல். தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893-ல் அந்தப் பாறை வகையைத் தனியாக அடையாளம் கண்டு, கல்லறைக்காரர் பேரையே வைத்தார்: சார்னோகைட். உலகத்தில் எந்த மூலையில் அந்த வகைப் பாறை கிடைத்தாலும் பேர் அதுதான். மாதிரிக்கல் பரங்கிமலை, பல்லாவரம் கல். பரங்கிமலையில் இருக்கும் பாறையைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். நேற்று அதன்மேல் உட்கார்ந்துதான் மருமகன் மூச்சு வாங்கியிருக்கிறான்.

பல்லாவரம். பத்தரை மணிக்கே வெயில் ஏறிவிட்டது. சந்தை கூடுவது ஜி.எஸ்.டி. ரோட்டில் இல்லை, பக்கத்தில் உள்ள பழைய டிரங்க் ரோட்டில். பேரிலேயே இருக்கிறது: ரோடு நேராக்கப்படுவதற்கு முன்னால் திருச்சிக்குப் போகிற வண்டிகள் போன தடம் அது. புது ரோடு வந்ததும் பழைய ரோட்டில் வண்டி குறைந்தது. இன்று பார்த்தால் காலை முதல் சாயங்காலம் வரை அங்கே கால் வைக்க இடமில்லை.

நூறு வருஷத்துக்கு மேலான சந்தை என்கிறார்கள். ஆரம்பத்தில் மாட்டுச் சந்தை. இப்போது என்ன கிடைக்கிறது என்று கேட்பதைவிட என்ன கிடைக்காது என்று கேட்கலாம். முனையில் ரோஜாச் செடி, மாங்கன்று. அடுத்து புறா, லவ்பேர்ட்ஸ், மீன்தொட்டி. அப்புறம் காய்கறி, கருவாடு, போர்வை. அதையும் தாண்டி உள்ளே போனால் என் மனசுக்குப் பிடித்த பகுதி: பழைய சாமான். வாய் பிளந்த ஸ்பேனர்கள், ஒரு கால் இல்லாத மரநாற்காலி, கீபோர்டு குவியல், தைப்பதை நிறுத்திவிட்ட தையல் மெஷின், சினிமா புரொஜக்டரின் லென்ஸ், யாரோ வாங்கிய சுழற்கோப்பை. எல்லாம் ஒரு தார்ப்பாயில். விற்கிறவருக்கே சில சாமான்கள் என்னவென்று தெரியாது. ஆனால் விலை தெரியும்.

மருமகன் ஒரு மல்ட்டிமீட்டரை எடுத்தான்.

"அண்ணே, இது வேலை செய்யுமா?"

"எடுத்துட்டுப் போ தம்பி. வேலை செய்யலன்னா அடுத்த வெள்ளிக்கிழமை இங்கதான் இருப்பேன்."

"நீங்க இருப்பீங்க. நான் தாம்பரம் தாண்டிப் போயிருப்பேனே."

அவர் சிரித்துவிட்டு ஐம்பது ரூபாய் குறைத்தார். நான் இருநூறு என்றால் இருநூறு கொடுத்திருப்பேன். இந்தத் தலைமுறைக்குப் பேரம் பேசத் தெரியாது என்று சொல்கிறவர்கள் பல்லாவரத்துக்கு வரவேண்டும்.

பல்லாவரத்தில் கல் எடுத்தவர்களில் ஹாலந்துக்கு முப்பது வருஷம் மூத்தவர் ஒருவர் உண்டு. 1863 மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ராணுவ அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிய சரளைக் குழியில் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். ஆதிமனிதனின் கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளம் கண்டுகொள்ளப்பட்ட முதல் கருவி அது. ரோட்டுக்குச் சரளை அள்ளிய குழி மாதிரி ஏதோ ஒன்றிலிருந்துதான் இந்தியத் தொல்வரலாற்றுப் படிப்பே கிளம்பியிருக்கிறது. அந்த இடத்தைத் தேடிப்போனோம். கண்டோன்மென்ட் வேலி, வீடுகள். ஒரு பலகை வைத்திருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம்தான். நூறு அடிக்கு ஒரு பிரியாணிப் பலகை இருக்கிற ரோட்டில் இதற்கு ஒரு பலகை இல்லை.

மலையில் மகேந்திரவர்ம பல்லவன் வெட்டிய குகைக்கோயில் இருக்கிறது. அவன் பட்டப்பெயர்களைப் பொறித்த கல்வெட்டும் உண்டு. காலப்போக்கில் அது தர்காவாகி, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. தூண்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். செருப்பை விட்டுவிட்டு ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

கடைசியாக மறைமலை அடிகள். 1911-ல் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் வேலையை விட்டபின் அவர் குடியேறியது பல்லாவரத்தில். தனித்தமிழ் இயக்கம் 1916-ல் இங்கிருந்து கிளம்பியது. 1950-ல் மறையும்வரை இதுதான் அவர் ஊர். நேற்று சொன்ன சைதாப்பேட்டைப் பாலத்துக்கு இப்போது அவர் பேர்தான். செங்கல்பட்டுக்கு முன்னால் அவர் பேரில் ஒரு நகரமே வருகிறது. இந்த ரோட்டில் ஒரு மனிதருக்கு இவ்வளவு பங்கு வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

சனி: குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம்

பல்லாவரம் மேம்பாலத்தை 2020-ல் திறந்தார்கள். அதில் போனால் குரோம்பேட்டை மூன்று நிமிஷம், அதற்கப்புறம் ஜவுளிக்கடை வாசலில் கால்மணி நேரம். தி.நகருக்கு ஈடாக இங்கே பெரிய கடைகள் வந்துவிட்டன. சனிக்கிழமை சாயங்காலம் நடைமேம்பாலத்தில் ஏறி நின்று கீழே பார்த்தால் தெரியும்: ரோடு நகரவில்லை, பைகள் நகர்கின்றன.

குரோம்பேட்டைக்குப் பேர் வந்தது குரோம் லெதர் கம்பெனியால். பழைய முறையில் தோலை ஆவாரம்பட்டை ஊறவைத்த தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டுப் பதப்படுத்துவார்கள். குரோமிய உப்பில் போட்டால் சில நாளில் முடிந்துவிடும். ஆல்ஃபிரட் சாட்டர்டன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அரசாங்கச் செலவில் இதைச் சோதித்துக் காட்டினார். அதைத் தொழிலாகவே எடுத்துப் பெரிய ஆலை வைத்தவர் ஜி.ஏ. சேம்பர்ஸ். சேம்பர்ஸ் காலனி என்ற பேர் இன்னும் இருக்கிறது. ஆலை போய்விட்டது. நாகல்கேணிப் பக்கம் தோல் தொழிற்சாலைகள் நிறைய வந்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது ரொம்பக் காலம் கழித்துத்தான். அதற்குள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது. அந்தப் பக்கம் குடியிருந்த என் பழைய சகா, வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கமாட்டார், காபிதான் கொடுப்பார். காரணம் பிறகுதான் புரிந்தது.

எம்.ஐ.டி.யை, மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியை, மருமகன் பக்தியோடு பார்த்தான். சி. ராஜம் தன் வீட்டை விற்று, அந்தப் பணத்தை வைத்து 1949-ல் தொடங்கிய கல்லூரி. விமானப் பொறியியல், மோட்டார் வாகனம், மின்னணுவியல் என்று அப்போது மற்ற கல்லூரிகளில் கிடைக்காத பாடங்கள். அப்துல் கலாம் படித்த இடம், எழுத்தாளர் சுஜாதாவும்தான். 1978-ல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

"வீட்டை வித்துக் காலேஜ் கட்டினாரா? இப்ப காலேஜ் கட்டித்தானே வீடு வாங்கறாங்க" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் படிக்கும் கல்லூரிக்குக் கட்டணம் கட்டுவதில் எனக்கும் பங்கு உண்டு.

சானடோரியத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ரயில் நிலையத்துக்கே ஆஸ்பத்திரியின் பேர். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு சானடோரியம் ஆரம்பித்தார். அதற்கு முன்னால் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் அதேபோல் ஒன்றை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் உடம்பு சரியில்லாமல் இருந்தபோது அங்கே அவரிடம் சிகிச்சையில் இருந்திருக்கிறார். மருந்து கண்டுபிடிக்காத காலம். நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். அந்தக் காற்றுக்காகத்தான் தாம்பரம். 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1990களில், எச்.ஐ.வி. என்றாலே மற்ற ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்தியபோது, நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டதும் இந்த ஆஸ்பத்திரிதான்.

மூன்று நாளாகப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. சென்னை, தன் நடுவீட்டில் வைத்துக்கொள்ளப் பிடிக்காததையெல்லாம் இந்த ரோட்டில்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறது. பீரங்கிப் படை, கல்குவாரி, நாற்றமடிக்கும் தோல் ஆலை, இரைச்சல் போடும் விமானம், தொற்று வரும் என்று பயந்த நோயாளிகள். ஒவ்வொன்றையும் ஊருக்கு வெளியே என்று நினைத்து வைத்தார்கள். இருபது முப்பது வருஷத்தில் ஊர் பின்னாலேயே வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டது. காற்றுக்காக வைத்த சானடோரியத்தின் முன்னால் இன்று பஸ் புகை.

ஊர் பின்னால் வரக் காரணம் ரயில். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாய்க்கு அடுத்து நமக்குத்தான் வந்தது, அதுவும் மீட்டர் கேஜில். மாம்பலத்திலிருந்து தாம்பரம் வரை மனை வாங்கியவர்கள் எல்லாரும் அந்த ரயிலை நம்பி வாங்கியவர்கள். 2004 வரை மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. சின்னப் பெட்டி, தோளோடு தோள் இடிக்கும். அதில் போய்வந்தவர்களுக்கு இன்றைய பெட்டி மைதானம் மாதிரி தெரியும்.

1937-ல் கிறித்தவக் கல்லூரியும் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு மாறியது. 365 ஏக்கர் புதர்க்காடு. இன்றைக்கும் அது காடாகவே இருப்பது கல்லூரியின் சாதனை; புள்ளிமான் பார்க்கலாம். மறைமலை அடிகள் வேலை பார்த்த காலத்தில் கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்தது. அவர் பல்லாவரம் வந்து கால் நூற்றாண்டு கழித்துக் கல்லூரியும் அதே ரோட்டில் வந்து சேர்ந்ததை நினைத்தால் வேடிக்கைதான்.

2021 முதல் தாம்பரம் மாநகராட்சி. பல்லாவரமும் அதற்குள் அடக்கம். பல்லாவரத்துக்காரர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை எழுத வேண்டாம்.

ஞாயிறு: பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம்

பெருங்களத்தூரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை என்று சொன்னால் நம்புங்கள். ஏரி இருக்கிறது, மேம்பாலம் இருக்கிறது, மனிதர்கள் நிதானமாகக் காய்கறி வாங்குகிறார்கள். திருவிழாக் கூட்டம் இல்லாவிட்டால் அமைதியான ஊர்தான்.

வண்டலூர் உயிரியல் பூங்காவும் நான் நேற்றுச் சொன்ன வரிசையில் வருவதுதான். 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பார்க் டவுனில் இருந்தது. இடம் போதவில்லை, காப்புக்காட்டை ஒதுக்கி 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். இங்கே திறந்துவைத்தார். 600 ஹெக்டேர். கூண்டுக்குப் பதில் அகழி என்பது அப்போது புதுசு. 2016 டிசம்பரில் வார்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டது. பழைய படங்களில் உள்ள நிழல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புலியைவிடக் குரங்குக் கூண்டு முன்னால்தான் நெரிசல். மருமகனுக்குப் பெருமூச்சு: "நான் அஞ்சாங்கிளாஸ்ல வந்தப்ப இதெல்லாம் எவ்வளவு தூரமா இருந்துச்சு!"

இப்போது தூரமில்லை. இங்கிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை போகிறது. அடுத்த நிறுத்தம் கிளாம்பாக்கம்.

வெளியூர் பஸ்கள் எல்லாம் ஒரு காலத்தில் பிராட்வேயிலிருந்து கிளம்பின. நெரிசல் என்று 2002-ல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் நெரிசல் என்று 2023 டிசம்பர் 30-ல் இங்கே 88 ஏக்கரில் பெரிய நிலையம். கட்டடம் நன்றாக இருக்கிறது, கழிப்பறை சுத்தம், உட்கார நாற்காலி தாராளம். குறை கட்டடத்தில் இல்லை. மதுரையிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்குகிறவருக்கு வடசென்னையில் வீடு என்றால் பயணம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி. நிலையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. அப்புறம்தான் கட்டத் தொடங்கினார்கள். ரயிலைப் போட்டுவிட்டு ஊரை வளர்த்த 1931-ஆம் வருஷத்துப் புத்தி, பஸ் நிலையம் கட்டியவர்களுக்கு ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

நடைமேடையில் தலைச்சுமைப் பையோடு ஒரு பாட்டி கேட்டார்: "தம்பி, கோயம்பேடு பஸ் எங்க நிக்கும்?"

"70வி வரும் பாட்டி, அந்தப் பக்கம் மாநகரப் பேருந்து நிக்கிற இடம்."

"ஊர்லேர்ந்து வர்றதுக்கு ஏறுனது ஒரு பஸ்ஸு. வந்து சேர்றதுக்கு எத்தன பஸ்ஸு!"

பையை மருமகன் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டான்.

திங்கள்: கூடுவாஞ்சேரி முதல் செங்கல்பட்டு வரை

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி. இந்த நீளத்தைப் பஸ்ஸிலேயே கடந்தோம். பார்த்ததெல்லாம் அடுக்குமாடி விளம்பரமும் மாணவர்களுக்கான சாப்பாட்டுக் கடையும். பொத்தேரியில் பல்கலைக்கழகம் விட்ட நேரத்தில் ரோட்டைக் கடக்கிற கூட்டம் ஒரு சின்ன ஊர்வலம்.

மறைமலை நகர் 1980-ல் சென்னையின் நெருக்கடியைக் குறைக்கத் திட்டம் போட்டு உண்டாக்கிய நகரம். வீடு முதலில் நிரம்பவில்லை, ஆலைகள்தான் நிரம்பின. 90களின் கடைசியில் ஃபோர்டு வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள். 2021 செப்டம்பரில் மூடப்போவதாகச் சொன்னார்கள், 2022-ல் கடைசி வண்டி வெளியே வந்தது. மறுபடி வருவதாக 2024-ல் அரசாங்கத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். "ஷிப்ட் விடுற நேரத்துக்கு முந்நூறு டீ போகும் சார். நின்னதும் கடைப்பையன ஊருக்கு அனுப்பிட்டேன்" என்றார் கடைக்காரர். மற்ற கம்பெனிக்காரர்களை வைத்து இப்போது சமாளிக்கிறார்.

சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினோம். பல்லவர் குடைந்த குகைக்கோயில், பாடலாத்ரி நரசிம்மர். மலையில் குடைந்த சன்னிதி என்பதால் பெருமாளைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். அது சின்ன மலை, பத்து நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம். நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. தீபாராதனையின்போது அர்ச்சகர் நாமத்தை உயர்த்திக் காட்டுவார். எங்களுக்கும் காட்டினார். பல்லாவரத்துக் குகைக்கும் இதற்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர். ஒன்று தர்கா, ஒன்று பெருமாள் கோயில், இரண்டும் பல்லவர் உளி பட்ட பாறை. திருச்சி, தஞ்சாவூர் போகிற அவசரத்தில் வண்டிகள் இரண்டையும் தாண்டிப் போய்விடுகின்றன.

பரனூர் சுங்கச்சாவடி. சென்னைக்காரர்களைப் பொறுத்தவரை இதைத் தாண்டினால்தான் ஊருக்குப் போகிற எண்ணமே வரும். நாங்கள் தாண்டியதும் இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது.

தேசிய நெடுஞ்சாலை செங்கல்பட்டு ஊருக்குள் போவதில்லை, ஓரமாக ஒதுங்கிப் போய்விடுகிறது. ஊருக்குள் நுழைந்தால் கொளவாய் ஏரி. ரயிலில் போகிறவர்கள் ஜன்னலோரம் பார்ப்பார்களே, அந்த ஏரி. 2019-ல்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. புதுக் கலெக்டர் அலுவலகம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலும் செங்கல்பட்டு ஜில்லா என்று ஒன்று இருந்தது, ஆனால் கலெக்டர் உட்கார்ந்தது சைதாப்பேட்டையில். தன் பேரில் உள்ள ஜில்லாவின் கலெக்டரைப் பார்க்க இந்த ஊர்க்காரர்கள் இந்த ரோடு முழுவதும் வண்டி கட்டிப் போயிருக்கிறார்கள்.

கோட்டை 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தார் கட்டியது. 1752-ல் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். ஒரு பக்கம் ஏரி, மற்ற பக்கம் சதுப்பு, அதனால் அந்தக் காலத்தில் நெருங்குவது கஷ்டம். ரயில் போட்டவர்களுக்கு அது ஒரு தடையாகத் தெரியவில்லை. கோட்டைக்கு நடுவிலேயே பாதை போட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த அரண்மனைக் கட்டடத்தில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் குற்றம் செய்த சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஊரை அடுத்த திருமணியில் தொழுநோய் ஆஸ்பத்திரி. 1955-ல் அது மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமானது.

"மாமா, நீங்க சனிக்கிழமை சொன்ன லிஸ்ட்டுல இன்னும் ரெண்டு" என்றான் மருமகன். ஆமாம், அவனே சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோட்டை அகழி ஓரமாக நடந்து ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி ஐந்தே கால். பஸ்ஸில் போகலாமா என்றேன். "வேணாம் மாமா, திங்கக்கிழமை சாயங்காலம், குரோம்பேட்டை" என்றான். கடற்கரை போகிற லோக்கலில் ஏறினோம். ஜன்னலோர இடம் கிடைத்தது. மல்ட்டிமீட்டரை எடுத்து, போன் சார்ஜர் ஒன்றை வைத்துச் சோதிக்க ஆரம்பித்தான். காட்டியது. ஆனால் எதை வைத்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அவன் பல்லாவரம் போகவேண்டியிருக்கும்.